பகை தீர்த்த பச்சைக் கல்

இரும்பையே பயன்படுத்தாமல் கூரிய ஆயுதம் செய்ய இயலுமா? இயலும் என்று காட்டியவர்கள் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள். பசிபிக் பெருங்கடலின் பொலினீசியத் தீவுகளிலிருந்து படகேறி வந்து குடியேறிய இம்மக்கள், ஐரோப்பியர் வரும்வரை உலோகத்தை அறியார். மரமும் எலும்பும் கல்லுமே அவர்களுடைய படைக்கலங்களாயின.

அவற்றுள் தலையாயது ‘மெரே’. ஏறத்தாழ ஓர் அடி நீளத்தில், அகன்ற இலையைப் போன்று தட்டையாக, விளிம்பு கூராக்கப்பட்ட கைப்படை அது. ‘பௌனாமு’ எனும் பச்சை நிறக் கல்லால் ஆனது. தென்தீவின் மேற்குக் கரையில் ஓடும் அராஹுரா முதலிய ஆறுகளில் அக்கல் கிடைக்கிறது.

பொறுமையின் விளைவு

எளிதில் உடையாத உறுதி வாய்ந்த இக்கல்லை மணற்கல்லின் மீது வைத்து, நீர் விட்டு, மாதக்கணக்கில் தேய்த்தே உருவாக்கினர். கைப்பிடியில் துளையிட்டு, மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கயிறு கோத்தனர். தடியைப் போல் ஓங்கி அடிப்பதற்கன்று இது. அருகில் நெருங்கி, கூரிய முனையை முன்னோக்கிப் பாய்ச்சி நெற்றிப்பொட்டில் தாக்குவதற்கே.

புகழ்பெற்ற மெரேகளுக்குத் தனிப்பெயர் உண்டு. தந்தையிடமிருந்து மைந்தனுக்கு அவை வழிவழியாகச் சென்றன.

பச்சைக் கல் கதவு

ஆனால், வாசகர்களே, இந்த ஆயுதத்தின் பெருமை போரோடு முடிந்துவிடவில்லை. பகைகொண்ட குலங்கள் சமாதானம் செய்துகொள்ளும்போது, தம் குலச்செல்வமான மெரேயையே மறுதரப்பிடம் ஒப்படைப்பதுண்டு. நிலைத்த சமாதானத்தை மாவோரி மொழியில் ‘தத்தௌ பௌனாமு’ என்பர். ‘பச்சைக் கல் கதவு’ என்பது அதன் பொருள். போரின் வாயிலை அடைக்க, அவ்வளவு உறுதியான கதவு வேண்டும் என்பது அவர்களது கருத்து!

1860ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அம்மேற்குக் கரை நிலத்தை வெறும் 300 பவுனுக்கு வாங்கியது. பின்னர் நெடுங்காலம் கல்லின் உரிமையும் அம்மக்களிடம் இல்லாதிருந்தது. 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலமே அவ்வுரிமை ஙாய் தாஹு குலத்தாரிடம் திரும்பியது.

சற்றே சிந்தியுங்கள். தம்மிடமிருந்தவற்றுள் மிகச் சிறந்ததைக் கொடுத்து அவர்கள் பகையை முடித்தார்கள். நம் குடும்பங்களில் உடன்பிறந்தாரிடையே எழும் பிணக்குகளைத் தீர்க்க, நாம் எதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கிறோம்?