குளிர் மீது பழி
விடியற்காலையில் பழைய டீசல் பிக்கப் மக்கர் செய்தால் உடனே பம்பைக் கழற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில்.

டிசம்பர் மாதத்து மல்லேஸ்வரம். பொழுது புலர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சம்பிகே ரோடு, 8-வது கிராஸ் பக்கம் பூவும் காயும் ஏற்றி வரும் வண்டிகளுக்கு இதுதான் பரபரப்பான நேரம். வண்டி நிறுத்தியிருக்கும் சந்தில் ஸ்டார்ட்டர் முனகுகிறது, நிற்கிறது, மறுபடி முனகுகிறது. புகை கிளம்புகிறது, வண்டி கிளம்பவில்லை. வெயில் ஏறிய பிறகு வந்து சேரும் பூவுக்குக் காலை விலை கிடைக்காது.

பழி உடனே குளிர் மீது விழுகிறது. 'டீசல் உறைஞ்சு போச்சு' என்பது வழக்கமான தீர்ப்பு. டெல்லித் தமிழர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஜனவரி மாதத்தில் பெங்களூரின் அதிகாலை வெப்பநிலை சுமார் 16 டிகிரி. இந்த நகரம் கண்ட மிகக் கடுங்குளிரே 7.8 டிகிரிதான், அதுவும் 1884-ல். இதற்கெல்லாம் டீசல் உறையாது. உறைகிற இடம் லடாக். அங்கே மைனஸ் 33 டிகிரியைத் தாங்கும் தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது.

பிறகு ஏன் முரண்டு? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உள்ள பெங்களூரில் காற்றழுத்தமே சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அத்துடன் குளிரும் சேர்ந்துகொண்டால், கீழே ஒழுங்காகக் கிளம்பிய வண்டி இங்கே அடம்பிடிப்பதில் மர்மம் ஏதுமில்லை. ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தைத்தான் குளிர் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்த தீர்ப்பு இன்னும் செலவு பிடித்தது: 'பம்பை இறக்கணும்.' இதில் ஒரு வேடிக்கை. டீசல் பம்புக்குப் பெயர்பெற்ற ஊரே பெங்களூர்தான். 1951-ல் தொடங்கப்பட்ட மைக்கோ, 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பட்டறைகளில் பழைய பெயர் இன்னும் புழங்குகிறது. பம்ப் தேயாது என்றில்லை. ஆனால் தேய்ந்த பம்ப் பெரும்பாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் தகராறு செய்யும். சூட்டில் நீர்த்துப்போன டீசல் தேய்மான இடுக்குகளில் கசிந்துவிடும். காலையில் படுத்துவிட்டு, மதியம் டீ குடித்து வந்ததும் ஒரே தட்டலில் கிளம்பும் வண்டியில் பம்ப் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஆசாமி. அதைக் கழற்றி, பெஞ்சில் சோதித்து, டைமிங் வைத்து மாட்டுவதற்குள் சில நாள் பிழைப்பு போய்விடும்.

முதலில் காதைத் தீட்டினால் போதும். ஸ்டார்ட்டர் இழுவை மந்தமாக இருந்தால் விஷயம் பாட்டரியிலோ, பச்சை பூத்த டெர்மினலிலோ, எர்த் ஒயரிலோ இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் நசுங்கிய காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்கே போய்விடும். சுற்றும்போது பாட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அங்கேயே தேட வேண்டும்.

அடுத்து புகை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக்குகளைப் பார்க்க வேண்டிய கட்டம் இது. பழைய மகிந்திரா வண்டிகளில் இருந்த பியூஜோ வகை எஞ்சின்கள் இவற்றை நம்பியே காலையில் கண் விழிப்பவை. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, ஒவ்வொன்றின் தலைக்கும் பாட்டரியின் பாசிட்டிவுக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லாம்பைப் பிடித்தால், நல்ல பிளக்கில் விளக்கு எரியும், கருகியதில் எரியாது. நான்கும் நன்றாக இருந்தால், பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று ரிலேயைப் பார்க்கலாம். சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் பீச்சும் எஞ்சின்கள் பலவற்றில் இந்தப் பிளக்கே கிடையாது என்பது தெரியாமல் தேடுபவர்களும் உண்டு. காற்று வடிகட்டியின் வாயில் பெட்ரோல் துணி பிடிக்கும் வைத்தியம் இன்னொரு ரகம். சிவந்திருக்கும் ஹீட்டர் பிளக்கில் அந்த ஆவி பட்டால் வெடிக்கும். கையும் போகும், பிஸ்டனும் போகும்.

புகையே இல்லையா? டீசல் வந்து சேரவில்லை. இரவெல்லாம் எங்கோ ஒரு நைந்த ரப்பர் ஹோஸ் அல்லது தட்டையாகிப்போன காப்பர் வாஷர் வழியாகக் காற்று நுழைய, டீசல் டாங்குக்கே திரும்பியிருக்கும். கைப்பம்பை நாலு அழுத்து அழுத்தியதும் வண்டி கிளம்பினால் நோய் இதுதான். சந்தேகம் தீர, பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸைப் பொருத்தினால் குமிழ்கள் தெரியும். வாஷர் விலை அற்பம்.

இத்தனையும் சரியாக இருந்தும் முரண்டு தொடர்ந்தால், ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஓடும் எஞ்சினில் அங்கே குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளந்தால் உறுதியாகும். அதற்கு மலிவான வைத்தியம் இல்லை. இப்படிப்பட்ட வண்டியை விற்பவர்கள், வாங்க வருபவர் வருமுன் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிடுவார்கள். சாவியைத் திருகுமுன் பானெட்டைத் தொட்டுப் பார்க்கலாம். சுட்டால், மறுநாள் விடியற்காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.