உரோமாபுரியில் மூன்று திங்கள்

பயணக் கட்டுரை என்றாலே பார்த்த இடங்களின் பட்டியல் என்று எண்ணுவோர் உண்டு. நான்கு நாள் தங்குவோருக்கு அவ்வளவுதான் இயலும். எங்களுக்கோ, தந்தையாரின் பணி நிமித்தம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை உரோமாபுரியில் வாழும் வாய்ப்புக் கிட்டியது. சகோதரியர் நாங்கள் இருவரும் அங்கே கண்டவற்றுள் எங்களைப் பெரிதும் கவர்ந்தது கொலோசியம் அன்று, தெருக்குழாய்தான் என்றால் தோழியர் நகைக்கக்கூடும்!

அக்குழாயை ‘நசோனே’ என்கிறார்கள். பெரிய மூக்கு என்று பொருள். ஏறத்தாழ மார்பளவு உயரமுள்ள வார்ப்பிரும்புத் தூணில், மூக்குப்போல் வளைந்த குழாய் வழியே இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். 1874-ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட இவை, நகரெங்கும் 2,000-க்கும் மேல் உள்ளன. நுனியை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியே நீர் வளைந்து பாயும். வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்துப் பழகிய நமக்கு ஏற்ற ஏற்பாடு!

குடத்துடன் வரிசையில் நின்று வளர்ந்தவர் எங்கள் அன்னையார். மூடுவதற்குத் திருகே இல்லாத குழாயைக் கண்டு முதல் வாரம் முழுவதும் அவர் மனம் ஆறவில்லை. ஓடும் நீர் தேங்கிக் கெடாது என்று அண்டை வீட்டு மூதாட்டியார் விளக்கம் கூறினார். 2017-இல் கடும் வறட்சி வந்தபோது பல குழாய்களை மூட நேர்ந்தது என்பதும் உண்மையே. ஆனால் வீடற்றோர் காலையில் முகம் கழுவுவதும் துணி அலசுவதும் அங்கேதான். அதைக் கண்ட பின், “இது மூடாத தண்ணீர்ப் பந்தல்” என்றார் அன்னையார். வீண் என்பதா, தருமம் என்பதா? எங்கள் வீட்டில் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்நகரின் வரலாறே தண்ணீரின் வரலாறுதான். கி.மு. 19-இல் அக்ரிப்பா என்பவர், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெரும்பாலும் நிலத்தடியில் ஒரு கால்வாய் அமைத்தார். இயந்திரம் ஏதுமின்றி, நிலச்சரிவு ஒன்றாலேயே நீர் நகருக்குள் வந்தது. கி.பி. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் கால்வாய்களைத் துண்டித்தனர். நீரற்றுப்போன குன்றுகளை விட்டு மக்கள் காலப்போக்கில் டைபர் ஆற்றோரம் நெருங்கிக் குடியேறினர். அக்ரிப்பாவின் கால்வாயோ பிற்காலத்தில் செப்பனிடப்பட்டது. அதன் நீருக்காக எழுப்பப்பட்டதே 1762-இல் முடிவுற்ற ட்ரேவி நீரூற்று. அங்கே பயணிகள் எறியும் நாணயங்கள் ஏழைகளுக்கான தொண்டுக்குச் செல்கின்றன.

பாந்தியோன் முகப்பிலும் அக்ரிப்பாவின் பெயர் உண்டு. இன்றுள்ள கட்டடம் ஹேட்ரியன் பேரரசர் காலத்தது. சுமார் 43 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தின் உச்சி திறந்தே இருக்கிறது. மழை பெய்த ஒரு நாளில் வேண்டுமென்றே சென்றோம். உள்ளே விழுந்த மழைநீர், தரையிலுள்ள சிறு துளைகளில் வடிந்து மறைந்தது.

வீட்டு வாழ்வில் கற்றவையும் பல. பேரங்காடியில் வெறுங்கையால் பழத்தைத் தொடலாகாது. கையுறை அணிந்து எடுத்து, நாமே நிறுத்து, விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். காப்பியை நின்றபடி குடித்தால் விலை குறைவு. ஆகஸ்டு 15-ஐ ஒட்டி ஊரே விடுமுறையில் சென்றுவிடும். எங்கள் தெருவில் ரொட்டிக்கடை முதல் சலவைக்கடை வரை அடைத்துவிட்டார்கள். பால் வாங்க வெயிலில் அரைமணி நேரம் நடந்தோம். வழியில் மூன்று மூக்குக் குழாய்கள் இருந்தது நல்லதாயிற்று.