நெட் இல்லாமலே நெட்!

சுட்டீஸ்! படப்பையிலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகிறீர்கள். வழியில் புலியைப் பற்றிப் படிக்க ஆசை. ஆனால், சிக்னல் இல்லை! என்ன செய்வது?

'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். 2007-ல் பிறந்தது இது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் சுருக்கப்பட்டு ஒரே கோப்பாகக் கிடைக்கின்றன. நெட் உள்ள இடத்தில் ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டால் போதும். பிறகு நெட் இல்லாமலே தேடலாம், படிக்கலாம்.

ஒரு விஷயம்! சேமித்த பக்கம் புகைப்படம் மாதிரி. எடுத்த நாளில் இருந்தபடியே இருக்கும். 2018 கணக்கெடுப்பில் இந்தியாவின் புலிகள் சுமார் 2,967. 2022-ல் சுமார் 3,682. பழைய கோப்பை மட்டும் நம்பினால், உங்கள் புராஜெக்ட்டில் 715 புலிகள் காணாமல் போய்விடும்! அதனால் அவ்வப்போது புதிய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். தேதியையும் குறித்து வையுங்கள்.