ஒரு கைப்பிடி எத்தனை கிராம்?

உணவியல் நிபுணர் தரும் பட்டியலில் 'பாதாம் 30 கிராம்' என்று இருக்கும். வீட்டு அடுக்களையிலோ டம்ளரும் கரண்டியும் கைப்பிடியும்தாம் அளவைகள். இவ்விரண்டுக்கும் இடையே நேரும் தவறு சிறியதன்று.

240 மி.லி. கொள்ளும் அளவுக் கப்பில் பாதி முழு பாதாமை இட்டால் அதன் எடை ஏறத்தாழ 70 கிராம். அதாவது பரிந்துரைத்த அளவைப்போல் இருமடங்குக்கும் மேல். 30 கிராம் பாதாமில் சுமார் 175 கலோரியும் 220 மி.கி. பொட்டாசியமும் உள்ளன. 70 கிராமில் இவை முறையே 400 கலோரியாகவும் 500 மி.கி.க்கு மேலும் உயர்கின்றன. எடையைக் குறைக்க முயல்பவர்க்கு இது முயற்சியைப் பாழாக்கும். சிறுநீரகம் நலிந்தவர்க்கோ பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் மிகுந்து, இதயத் துடிப்பையே சீர்குலைக்கக்கூடும்.

கொள்ளளவு ஒன்றாயிருந்தும் எடை ஏன் மாறுகிறது? பருப்புகளுக்கு இடையே உள்ள காற்றே காரணம். வடிவம் மாறினால் இடைவெளியும் மாறும். 240 மி.லி. கப்பில் தலைதட்டி அளந்தால் கிடைக்கும் எடை ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

முழு பாதாம் – 145 கிராம்
பாதாம் பொடி – 95 கிராம்
பச்சை நிலக்கடலைப் பருப்பு – 145 கிராம்
முந்திரி – 135 கிராம்
வால்நட், பாதிகளாக – 100 கிராம்
வால்நட், நறுக்கியது – 115 கிராம்

பாதாம் பொடியானால் கப்பின் எடை குறைகிறது. வால்நட்டை நறுக்கினால் கூடுகிறது. ஆகவே, 'ஒரு கப் பாதாமை அரைத்து' என்பதும் 'ஒரு கப் பாதாம் பொடி' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் பாதாம் ஒன்றரை மடங்கு.

உங்கள் வீட்டு டம்ளரின் அளவை அறியவும் எளிய வழி உண்டு. சமையலறைத் தராசில் வெறும் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். பின்னர் அது நிறைய நீர் ஊற்றி நிறுங்கள். ஒரு மி.லி. நீரின் எடை ஒரு கிராம். எனவே தராசு காட்டும் கிராமே டம்ளரின் கொள்ளளவு. அதனை 0.6ஆல் பெருக்கினால் முழு பாதாம் அல்லது நிலக்கடலையின் எடை ஏறத்தாழக் கிடைக்கும். முந்திரிக்குச் சற்றுக் குறைவு. வால்நட் பாதிகளுக்கு 0.4 போதும். எடுத்துக்காட்டாக, 150 மி.லி. டம்ளரில் 90 கிராம் பாதாம் கொள்ளும். ஆகவே 30 கிராம் என்பது அதில் மூன்றில் ஒரு பங்கே.

அளக்கும்போது சிலவற்றை நினைவில் கொள்க. கோபுரமாகக் குவிக்காமல் தலைதட்டி அளக்க வேண்டும். ஊறிய பாதாம் நீரின் எடையையும் சுமக்கும். ஆதலால் ஊறவைக்கும் முன்னரே நிறுக்க வேண்டும். நிலக்கடலையைத் தோடு நீக்கிய பின்பு நிறுப்பதே சரி.

தராசு இல்லாத வீட்டில் எண்ணிக்கை துணை செய்யும்: நடுத்தர அளவுள்ள பாதாம் ஏறத்தாழ 25 சேர்ந்தால் 30 கிராம். கைப்பிடியை மட்டும் நம்ப வேண்டா. நோயாளியின் கை வேறு, பரிமாறுபவர் கை வேறு.

உங்களுக்கு உகந்த அளவு எவ்வளவு என்பதை மருத்துவரும் உணவியல் நிபுணருமே முடிவு செய்வர். அடுத்த முறை வரும்போது நாள்தோறும் பயன்படுத்தும் டம்ளரையோ கரண்டியையோ உடன் கொண்டுவந்து அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் கிராம் உங்கள் டம்ளரில் எதுவரை வரும் என்று அடையாளமிட்டுக்கொண்டால், பின்னர் அடுக்களையில் யார் நின்றாலும் அளவு மாறாது.