அழுகைக்கு டாட்டா... பேப்பரும் பசையும் சேர்த்து வைக்கும் குட்டி நண்பர்கள்!

திருப்பூர்:

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாள். ஒன்றாம் வகுப்பு வாசலில் ஒரே அழுகைச் சத்தம். அம்மாவின் முந்தானையை விடாமல் ஒரு வாண்டு. மூலையில் பையைக் கட்டிப்பிடித்தபடி இன்னொரு வாண்டு. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஆனால் பனியன் நகரமான திருப்பூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்கண்ட் என்று பல மாநிலங்களில் இருந்து குடும்பத்தோடு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இங்குள்ள பள்ளிகளில் சேர்கிறார்கள். அழுகிற குழந்தை தமிழ் பேசினால் டீச்சர் சமாதானம் செய்துவிடலாம். இந்தியிலோ ஒரியாவிலோ அழுதால் என்ன செய்வது?

முதல் வாரம் யாரோடும் ஒட்டாத குழந்தை, இரண்டாவது வாரம் வயிற்று வலி என்று சொல்லும். மூன்றாவது வாரம் வீட்டிலேயே தங்கிவிடும். அப்பா, அம்மா இருவரும் கம்பெனிக்குப் போன பிறகு அந்தப் பிள்ளை பூட்டிய வீட்டிலோ, தெருவிலோதான் நாளைக் கழிக்க வேண்டும். அதனால்தான் முதல் நாள் பாடத்தை ஓரம் வைத்துவிட்டு, பேப்பரும் பசையும் கலருமாக கைவேலை கொடுப்பது நல்ல பலன் தரும்.

கை வேலை செய்தால் வாய் தானா திறக்கும்

"எழுந்து நின்னு உன் பேரைச் சொல்லு" என்றால் கூச்சக்காரப் பிள்ளை மிரண்டுவிடும். முப்பது ஜோடிக் கண்கள் தன்னையே பார்ப்பதுதான் பயத்துக்குக் காரணம். கையில் ஒரு வேலை கொடுத்துவிட்டால் எல்லோர் கண்ணும் பேப்பர் மேல் போய்விடும். பக்கத்தில் இருப்பவனை நேராகப் பார்க்காமலே பேச்சு கொடுக்கலாம். இதில் ஜெயித்தவன், தோற்றவன் என்றும் கிடையாது.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. நாலு பேருக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைக் கிண்ணம் மட்டும் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று இருந்தால் "எனக்கு குடு" என்று கேட்டே ஆக வேண்டும். பாஷை தெரியாத பிள்ளை கையையாவது நீட்டும். நட்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்காகப் பத்துப் பேருக்கு ஒன்று என்று வைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

இது புதுசும் இல்லை. ஜெர்மனியில் 1837-ல் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய பிரடெரிக் புரோபெல், காகிதம் மடிப்பதையும் வெட்டுவதையும் பின்னுவதையும் பாடமாகவே வைத்தார். 'கிண்டர்கார்டன்' என்ற பெயரைக் கொடுத்தவரும் அவரே. கைகளால் செய்துதான் குழந்தை கற்கிறது என்று சொன்ன இத்தாலியின் மரியா மாண்டிசோரி, 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

என்னென்ன செய்யலாம்?

* பெயர் அட்டை: பனியன் பெட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். குழந்தை தனக்குப் பிடித்த ஒரு பொருளை அதில் வரையட்டும். மாம்பழம், நாய்க்குட்டி, பஸ் எதுவானாலும் சரி. பெயரை டீச்சர் தமிழில் எழுதலாம். வெளிமாநிலப் பிள்ளை என்றால் பெற்றோரைக் கேட்டு அவர்கள் எழுத்திலும் எழுதலாம். ஊக்கு குத்தாமல், நூலில் கோர்த்து சட்டைப் பட்டனில் மாட்டிவிடலாம். பெயர் மறந்தாலும் "மாம்பழம் இங்க வா" என்று மற்ற பிள்ளைகள் கூப்பிடுவார்கள்.

* கைரேகை மரம்: பெரிய சார்ட்டில் இலை இல்லாத மரம் ஒன்றை வரைய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் கட்டை விரலைக் கலரில் தொட்டு ஒரு இலை வைக்கும். ஒருவர் ரேகை போல இன்னொருவர் ரேகை இருக்காது என்பதையும் சொல்லலாம். சார்ட்டைச் சுவரில் மாட்டிவிட்டால், மறுநாள் வரும் பிள்ளை முதலில் தேடுவது தன் இலையைத்தான். 'இது நம்ம இடம்' என்ற எண்ணம் வந்துவிடும்.

* காகிதச் சங்கிலி: பழைய காலண்டர் தாளை 20 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் பட்டையாக வெட்ட வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு வளையம் ஒட்டி, பக்கத்துப் பிள்ளையின் வளையத்தில் கோர்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இல்லாமல் வேலை முடியாது. கடைசியில் சங்கிலி வகுப்பறையைச் சுற்றி வருகிறதா என்று அளந்து பார்ப்பதே ஒரு கொண்டாட்டம்.

* காகிதக் கப்பல்: மடிக்கத் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பாஷை வேண்டாம், கை ஜாடை போதும். நம்ம பிள்ளை 'கப்பல்' என்று சொல்லும். பீகார் பிள்ளை 'நாவ்' என்று சொல்லும். பாடம் நடத்தாமலே ஆளுக்கு ஒரு வார்த்தை லாபம்.

* விரல் பொம்மை: கட்டிங் வேஸ்ட் துணிக்குத் திருப்பூரில் பஞ்சமே இல்லை. விரலில் சுற்றி நூல் கட்டி, பேனாவால் கண்ணும் வாயும் வரைந்தால் பொம்மை ரெடி. தன் வாயால் பேசக் கூச்சப்படும் பிள்ளைகூட பொம்மையின் வாயால் பேசிவிடும்.

இதில் கவனம் தேவை

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு பங்கு மைதாவை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து, கெட்டியாகும் வரை கிண்டி ஆற வைத்தால் போதும். போஸ்டர் ஒட்டும் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கவே கூடாது. கலருக்கு மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு போதும்.

கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் பாசிமணி, பட்டன் வேண்டாம். வாயில் போட்டு விழுங்கிவிடும்.

கையில் கட்டும் 'நட்புக் கயிறு' செய்யும் யோசனையையும் நம் மாநிலத்தில் தவிர்ப்பது நல்லது. சில இடங்களில் கலர் கயிறே சாதி அடையாளமாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் தாக்கப்பட்ட பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, மாணவர்கள் கலர் கயிறு கட்டத் தடை விதிக்க வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரை செய்தது. சேர்க்க நினைத்துச் செய்யும் வேலை பிரிப்பதில் முடியக் கூடாது. காகிதச் சங்கிலியிலும் இந்தக் கலர் இவனுக்கு என்று பிரிக்காமல், கலந்து கொடுப்பது நல்லது.

அழும் குழந்தையை இழுத்து வந்து உட்கார வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு தாளும் கலர் பென்சிலும் வைத்துவிட்டு விட்டுவிடலாம். சில பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி அஞ்சு நிமிஷத்தில் வந்து கை வைப்பார்கள். அதுவும் வெற்றிதான். "அவனைப் பாரு, எவ்வளவு அழகா செஞ்சிருக்கான்" என்று ஒப்பிட்டுப் பேசினால் எல்லாம் கெட்டுப் போகும்.

பெற்றோர் கவனத்துக்கு

6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை, பழைய பள்ளியில் இருந்து டி.சி. வரவில்லை என்று காரணம் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வேறு மாநிலத்தில் இருந்து வந்த பிள்ளைக்கும் இதே உரிமைதான். பக்கத்து லைன் வீட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், அந்த அப்பா, அம்மாவிடம் இதைச் சொல்லலாம்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்பதற்கு முன்னால், "யார் கூட சேர்ந்து என்ன செஞ்சே?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஒரு பெயர் வந்துவிட்டால் போதும். மறுநாள் காலையில் அந்த வாண்டு பையை மாட்டிக்கொண்டு தானாகவே கிளம்பிவிடும்!