எளிய கண்டுபிடிப்புகளுக்கு இல்லாத ஒரு சட்டம்

கேரள மாநிலம் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த ரெம்யா ஜோஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தாயார் நோய்வாய்ப்பட்டார். குடும்பத்தின் துணிகளைத் துவைக்கும் பொறுப்பு பிள்ளைகள் மீது விழுந்தது. பேருந்தில் நெடுநேரம் பயணம் செய்து பள்ளிக்குச் சென்று திரும்பும் மாணவிக்கு அதற்கு நேரமில்லை. சலவை இயந்திரம் வாங்க வீட்டில் வசதியுமில்லை. சைக்கிள் பெடல், அலுமினியப் பெட்டி, அதனுள் சுழலும் இரும்புக் கம்பி வலை உருளை ஆகியவற்றைக் கொண்ட ஓர் இயந்திரத்தை அவரே வரைந்தார். அந்த வரைபடத்தின்படி அருகிலிருந்த பட்டறையில் அது உருவானது. துணியைச் சோப்பு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மூன்று, நான்கு நிமிடம் மிதித்தால் அழுக்கு நீங்கிவிடும். நீரை வடித்துவிட்டு மீண்டும் மிதித்தால் துணியில் உள்ள ஈரமும் பெருமளவு பிழியப்பட்டுவிடும். மின்சாரமே தேவையில்லை.

அந்த இயந்திரத்துக்கு 2005-ல் தேசிய விருது வழங்கியது தேசியப் புத்தாக்க அறக்கட்டளை. மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் 2000-ல் குஜராத்தில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர் அனில் குப்தா ஊர் ஊராகத் திரட்டிய கண்டுபிடிப்புகளே அதற்கு அடித்தளம். பள்ளி மாணவர்களுக்காக அந்த அறக்கட்டளை தனிப் போட்டியும் நடத்தியது. மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கிய அப்போட்டியில் பரிசு பெற்றவற்றைப் பார்த்தாலே தேவை எங்கிருந்து பிறக்கிறது என்பது விளங்கும். படிக்கட்டில் ஏற முடியாத தாத்தாவைக் கண்டு, முன்கால்களின் உயரத்தை மாற்றிக்கொள்ளும் நடைசட்டத்தை யோசித்தார் பாட்னா மாணவி ஷாலினி குமாரி. மருத்துவச் சாதன நிறுவனம் ஒன்று உரிமம் பெற்று அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இஸ்திரி வண்டிகளில் எரியும் கரியைக் கண்டு, சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை வடிவமைத்த திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் 2019-ல் இதே விருதைப் பெற்றார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார்.

தலைநகரின் கருத்தரங்குகளில் இத்தகைய முயற்சிகளை "ஜுகாட்" என்று சொல்லிப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. உத்தரப் பிரதேசத்திலும் ஹரியாணாவிலும் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரவண்டியில் பூட்டி ஓட்டும் வாகனத்துக்கும் அதுவே பெயர். ஒப்பேற்றும் வேலைக்குரிய அந்தச் சொல்லால் ஒரு மாணவியின் வடிவமைப்பைக் குறிப்பது பாராட்டா என்பது கேள்விக்குரியது. ஒப்பேற்றியதற்கு யாரும் உரிமை கோருவதில்லை. வடிவமைத்தவர் கோர முடியும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறையை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பொருள்களைப் புதுவிதமாகப் பொருத்தி உருவாக்கும் எளிய சாதனங்கள் இந்த இரண்டாவது நிபந்தனையில் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். தனிநபர் மின்னணு முறையில் விண்ணப்பிக்கக் கட்டணம் ரூ.1,600, பரிசீலனைக்கு ரூ.4,000 என்பது பெருஞ்சுமை அன்று. விண்ணப்பத்தைச் சட்ட மொழியில் எழுதித்தரும் முகவருக்குக் கொடுக்கும் தொகையே சுமை. அறக்கட்டளையின் பார்வைக்கு வந்தவர்களுக்கு அதுவே துணை நின்று விண்ணப்பிக்கிறது. வராதவர்களுக்கு அந்தத் துணை இல்லை.

சிறு கண்டுபிடிப்புகளுக்கென எளிய நிபந்தனைகளும் குறுகிய காலமும் கொண்ட தனிப் பாதுகாப்பை ஜெர்மனி 1891-லேயே சட்டமாக்கியது. ஜப்பான் 1905-ல் பின்பற்றியது. சீனாவில் அதன் காலம் 10 ஆண்டுகள். இந்தியாவில் 2011 மே மாதம் தொழில் கொள்கைத் துறை இதுபற்றி விவாத அறிக்கை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான குழு 2014 டிசம்பரில் அளித்த அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையின் வரைவிலும் இத்தகைய சட்டத்தின் தேவை சுட்டப்பட்டது. 2016-ல் வெளியான இறுதிக் கொள்கையில் அது இடம்பெறவில்லை.

எதிர்ப்போரின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆழ்ந்த பரிசீலனையின்றி வழங்கப்படும் உரிமைகளைப் பெரிய நிறுவனங்கள் குவித்துக்கொண்டு சிறு பட்டறைகள் மீதே வழக்குத் தொடரக்கூடும். இதையொத்த முறையை 2001-ல் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, 2021 ஆகஸ்டுடன் புதிய விண்ணப்பங்களை ஏற்பதையே நிறுத்திக்கொண்டது.

ஆயினும், புதுச் சட்டத்துக்காகக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி மாணவர்களின் தேர்வு செய்யப்பட்ட யோசனைகளுக்கு, மாதிரி செய்வதற்காக, "இன்ஸ்பயர் மானக்" திட்டத்தில் ரூ.10,000 வங்கிக் கணக்கில் செலுத்துகிறது மத்திய அரசு. அந்த மாதிரிகள் மாவட்ட, மாநிலக் கண்காட்சிகளில் வைக்கப்படுகின்றன. விண்ணப்பிப்பதற்கு முன்பே கண்டுபிடிப்பைப் பொதுவில் காட்டினால், அது புதியது என்ற தகுதியையே இழக்க நேரலாம். காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, கண்காட்சியில் வைத்தபின் விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் தருகிறது. ஆனால், மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பள்ளி மேசையில் வைக்கப்படும் மாதிரிக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. அதை நீட்டிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரத் தேவையில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.