தைக் கலியாணமா, ஆவணிக் கலியாணமா? தேனிலவுத் தீவுகள்: இதெல்லாம் தெரியுமா?

களுபோவிலயில் ஒரு வீட்டில் கலியாணம் நிச்சயமானால், மண்டபம் பிடித்த கையோடு எழும் அடுத்த கேள்வி என்ன? "ஹனிமூனுக்கு எங்கே?" ஒருவர் மாலைதீவு என்பார், இன்னொருவர் பாலி என்பார். சரி! வீட்டு வாசலிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கல்கிசைக் கடற்கரையில், இருநூறு ஆண்டுப் பழமையான ஒரு காதல் கதை நிற்கிறதே, தெரியுமா?

1805இல் இலங்கைக்கு ஆளுநராக வந்தவர் சேர் தோமஸ் மெயிட்லண்ட். அடுத்த ஆண்டே அந்தக் கடலோரக் குன்றில் மாளிகை கட்டத் தொடங்கிவிட்டார். ஊர் நடனக் குழுவில் ஆடிய லொவினியா அபொன்சுவா என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தார். ஆளுநர் வெளிப்படையாக அவளைப் பார்க்கப் போக முடியுமா? அதனால் அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து மாளிகையின் வைன் நிலவறை வரை நிலத்துக்கடியில் சுரங்கம் வெட்டினார் என்று கதை சொல்கிறார்கள்! 1811இல் அவர் ஊர் திரும்பினார். சாகும்வரை கலியாணமே செய்துகொள்ளவில்லை! அந்த மாளிகை வளர்ந்து பெருகியதுதான் இன்றைய மவுண்ட் லவினியா ஹோட்டல்.

பஞ்சாங்கம் சொல்லும் கடற்கரை

இனி உண்மையான அதிசயத்துக்கு வருவோம். இலங்கையில் தேனிலவுக்குப் 'பருவம் இல்லை' என்று சொல்லக்கூடிய மாதமே கிடையாது, தெரியுமா? எப்படி? நம் தீவுக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்து, இரண்டு வேறு காலங்களில் வருகிறது! மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று, நம்மவர் சொல்லும் சோளகம், மேற்கையும் தெற்கையும் அடிக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காற்று கிழக்கைக் குழப்பும். அப்போது தெற்கில் வெயில்!

இதை நம் கலியாண மாதங்களோடு சேர்த்துப் பாருங்கள். மார்கழியிலும் ஆடியிலும் யாரும் முகூர்த்தம் வைப்பதில்லை. கலியாணங்கள் குவிவது தையிலும் ஆவணியிலும்தான். தைக் கலியாணமா? தெற்கே ஓடுங்கள்: ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ. ஆவணிக் கலியாணமா? கிழக்கே ஓடுங்கள்: நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா. ஐயர் குறித்துத் தந்த நாளே எந்தக் கரைக்குப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறது! விமானச்சீட்டு விலை பார்த்து மண்டை உடைக்கும் முன்னர் இதைப் பார்த்தால் பாதித் திட்டம் முடிந்த மாதிரிதான்.

திமிங்கிலங்களும் ஏறக்குறைய இதே அட்டவணைப்படிதான் தென்படுகின்றன, தெரியுமா? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவில் படகேறி நீலத்திமிங்கிலம் பார்க்கலாம். மே முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலையில் பார்க்கலாம்! உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே பெரியது இதுதான். டைனோசர் கூட இதற்குப் பின்னால்தான்! அளந்து பார்த்த ஓர் இதயத்தின் எடை மட்டும் சுமார் 180 கிலோ. ஆழத்தில் மூழ்கும்போது அந்த இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும்? சில வேளைகளில் இரண்டே முறை! துருவக் கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையில் அலைவதுதான் பெருந்திமிங்கிலங்களின் வழக்கம். இலங்கையைச் சூழ்ந்த கடலிலோ அவை ஆண்டு முழுவதும் இருக்கின்றன. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ்!

வெள்ளவத்தையில் ஏறினால்…

வெள்ளவத்தை நிலையத்தில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் ஒரு தெருகூட இல்லை. அதே கரையோரத் தண்டவாளம் காலியைத் தாண்டி வெலிகம, மிரிஸ்ஸ வரை போகிறது! வெலிகம விரிகுடாவில் இறங்கிப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குட்டித் தீவு, அதன் உச்சியில் ஒரே ஒரு வீடு! பெயர் தப்ரபேன். 1920களில் பிரெஞ்சுக்காரர் கவுண்ட் டி மோனி கட்டிய வீடு அது. பிறகு வாங்கியவர் யார் தெரியுமா? அமெரிக்க எழுத்தாளர் போல் போல்ஸ்! பாலம் கிடையாது. இன்றும் விருந்தாளிகள் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் நடந்துதான் போகவேண்டும்!

இன்னும் கிழக்கே, தங்காலைக்கு அருகில், கடலாமைகள் முட்டையிட வரும் ரேக்காவ. உலகிலுள்ள கடலாமை இனங்கள் ஏழு. அவற்றில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன! குஞ்சு ஆணா பெண்ணா என்பதை யார் தீர்மானிப்பது? மணலின் சூடு! மணல் சுட்டால் பெண், குளிர்ந்தால் ஆண்!

சோடி மீன்கள்

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரே கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு. பெரிய தீவின் நீளம் வெறும் 200 மீற்றர்! அகலம் அதிலும் பாதி! ஆனால் அதைச் சுற்றி ஏறத்தாழ 100 வகைப் பவளங்கள், 300 வகை மீன்கள்! ஆங்கிலேயர் காலத்தில் இந்த அழகுத் தீவைத் துப்பாக்கிச் சூடு பழகும் இடமாக வைத்திருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? 2003இல் தேசியப் பூங்கா ஆனது. முகமூடியும் சுவாசக் குழாயும் இருந்தால் போதும், நீச்சல் நன்றாகத் தெரியாதவர்களும் உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி கருமுனைச் சுறாவைப் பார்க்கலாம். பயப்படாதீர்கள், அது உங்களைக் கண்டால் விலகிப் போகும்!

அங்கே வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு இரண்டாகவே வரும். அவற்றில் பல இனங்கள் ஒரே துணையோடு ஆண்டுக்கணக்காக வாழ்கின்றன! கோமாளி மீனின் குடும்பம் இன்னும் விசித்திரம். பெண் மீன் இறந்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? கணவன் பெண்ணாக மாறிவிடும்!

திருகோணமலைக்குப் போகும் புதுச்சோடி கோணேசரைக் கும்பிடாமல் திரும்புமா? அர்ச்சனை முடிந்து கீழே எட்டிப் பார்க்கும் அந்தக் கடலுக்குள்ளும் கோயில் இருக்கிறது! போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956இல் மூழ்கிப் பார்த்தவர்கள் யார் தெரியுமா? சுழியோடி மைக் வில்சனும், விஞ்ஞானக் கதை மன்னர் ஆர்தர் சி. கிளார்க்கும்! கிளார்க் இலங்கையிலேயே குடியேறிவிட்டார். 2008இல் கண் மூடும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

அப்படியே தெற்கே இறங்கினால் மட்டக்களப்பு. வாவியில் மீன் பாடுமாம்! முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பது அங்குள்ளவர்களின் பழக்கம். தேனிலவுக்கு இதைவிடப் பொருத்தமான இரவு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

வடக்கு வேண்டுமா? குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் நெடுந்தீவு. பவளக்கல்லால் அடுக்கிய வேலிகள்! யாருக்கும் சொந்தமில்லாமல் கூட்டமாகத் திரியும் மட்டக்குதிரைகள்! ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்குமரம்! மன்னார் பள்ளிமுனையில் இன்னொரு பெருக்குமரம், உயரம் ஏழரை மீற்றர், ஆனால் சுற்றளவு 19.5 மீற்றர்! காரைநகரருகே கடல் நடுவே நிற்கும் ஹமென்ஹீல் கோட்டை இன்னும் ஆச்சரியம். ஒரு காலத்தில் சிறை, இன்று கடற்படை நடத்தும் தங்குவிடுதி!

சரி, மாலைதீவுதான் என்று முடிவெடுத்தாச்சா?

கட்டுநாயக்காவிலிருந்து மாலேக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். யாழ்ப்பாண இரவு பஸ் வெள்ளவத்தையில் புறப்பட்டுப் புத்தளத்தைத் தொடுவதற்குள் நீங்கள் அங்கே! விசாவுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை, இறங்கியதும் 30 நாளுக்கு இலவசம். ஆனால் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் 'இமுகா' என்ற இணையப் படிவத்தை நிரப்ப மறக்காதீர்கள்!

1,190 அளவில் தீவுகள். மனிதர் ஊராக வாழ்வது ஏறத்தாழ 200இல் மட்டும்! எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு? சுமார் 298 சதுர கிலோமீற்றர். நம் கொழும்பு மாவட்டம் 699! பாதிகூட இல்லை! ஆனால் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு 800 கிலோமீற்றருக்கும் மேல். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை போவதுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடு எவ்வளவு உயரம் தெரியுமா? வெறும் சில மீற்றர்தான்! அவ்வளவுதான் மலை!

1960களில் வந்த ஐ.நா. நிபுணர்கள் "இந்த நாட்டில் சுற்றுலா சரிப்படாது" என்றார்கள். 1972இல் குரும்பா என்ற முதல் விடுதி 30 அறைகளோடு திறந்தது. 2024இல் வந்த பயணிகள் எத்தனை பேர்? 20 லட்சத்துக்கும் மேல்!

2009 ஒக்டோபர் 17. அன்றைய ஜனாதிபதி முகமட் நஷீட் அமைச்சரவைக் கூட்டத்தை எங்கே நடத்தினார் தெரியுமா? கடலுக்கடியில்! மூழ்கும் உடையோடு, கைச் சைகையால் பேசி, நனையாத எழுத்துப் பலகையில் கையெழுத்துப் போட்டார்கள். கடல்மட்டம் உயர்ந்தால் எங்கள் நாடே போய்விடும் என்று உலகத்துக்குக் காட்டத்தான் அந்தக் கூட்டம். இதை வேடிக்கையாக நினைத்துவிடாதீர்கள்!

ரங்காலித் தீவில் கடலுக்கு ஐந்து மீற்றர் கீழே கண்ணாடி உணவகம், பெயர் இதா. 2005இல் திறந்தார்கள். மொத்தம் 14 இருக்கைகள்! தலைக்கு மேலே சுறா போகும், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்!

அந்தப் பளீர் வெள்ளை மணல் எங்கிருந்து வந்தது? கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, கழிவாக வெளியே தள்ளுகிறது. அதுதான் மணல்! வக்காருத் தீவில் ஆராய்ந்த விஞ்ஞானிகள், பாறைத்திட்டில் உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீனின் உபயம் என்று கண்டார்கள்! அந்த மீனைக் காப்பாற்றினால்தான் அந்தக் கரை நிலைக்கும். சாப்பாட்டு மேசையில் கிளிமீன் வந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விடுதிக்குக் கடல்விமானத்தில் போவதா? விமானி வெறுங்காலோடு ஓட்டுவார், ஆச்சரியப்படாதீர்கள்! ஆனால் முக்கியமான ஒன்று, இந்த விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். பின்னேரம் போய் இறங்கினால் மாலேப் பக்கம் ஓர் இரவு தங்கத்தான் வேண்டும், செலவு கூடும். காலை விமானம் எடுங்கள்! சில விடுதிகளில் கடிகாரமே தலைநகரைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், தெரியுமா? விருந்தாளிகளுக்கு மாலை வெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்றுதான்! பணம் இறுக்கமா? 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி உண்டு. மாஃபுஷி போன்ற தீவுகளில் நடுத்தரக் குடும்பச் சோடியும் நிம்மதியாகத் தங்கலாம். எந்த மதுப் போத்தலையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்!

உலகமே தேனிலவுக்கு ஓடும் இந்த நாட்டுக்குத்தான் விவாகரத்திலும் கின்னஸ் சாதனை, நம்ப முடிகிறதா? கணக்கெடுத்த காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 10.97 விவாகரத்து! 1343இல் அங்கே போய்ச் சேர்ந்த பயணி இப்னு பதூதா, நீதிபதியாகவும் இருந்துகொண்டு நான்கு பெண்களை மணந்ததாகத் தானே எழுதிவைத்திருக்கிறார்! 1344இல் புத்தளம் கரையில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்று, முத்துக் கொடுத்து, சிவனொளிபாதமலைக்குப் போகப் பல்லக்கும் கொடுத்து அனுப்பிய அரசர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி!

இன்னும் தூரம் போகலாமா?

மொரீசியஸில் இறங்கிப் பணம் மாற்றுங்கள். நோட்டில் தமிழ் எழுத்து! 1998இல் தமிழின் இடத்தை மாற்றி அச்சடித்தபோது அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன! தைப்பூசக் காவடிக்கு அங்கே அரச விடுமுறை!

சீஷெல்ஸில் இரட்டைத் தேங்காய், உலகின் மிகப் பெரிய விதை! ஒன்று 20 கிலோவுக்கும் மேல் போகலாம். இயற்கையாக வளர்வது இரண்டே தீவுகளில். முன்பு இது மிதந்து மாலைதீவில் ஒதுங்கினால் அரசனுக்கே சொந்தம்! அனுமதிப் பத்திரம் இல்லாமல் நீங்களும் கொண்டுவர முடியாது. அதே நாட்டின் அல்டப்ராத் தீவில் சுமார் ஒரு லட்சம் இராட்சத ஆமைகள். மனிதர்? ஆராய்ச்சிக்குப் போன விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்! தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, மாலை மாற்றிய கையோடு போனவர்கள் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரலாம்!

கலியாணத்தையே கடலுக்குள் வைத்தால்? 2021 பெப்ரவரியில் சென்னை நீலாங்கரையில் ஒரு தமிழ்ச் சோடி சுமார் 60 அடி ஆழத்தில் மாலை மாற்றிக்கொண்டது! முகூர்த்தத்தை முடித்துக்கொண்டுதான் மேலே வந்தார்கள்!

பாலிக்குப் போகிறவர்கள் இதை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஆண்டுக்கு ஒரு நாள், பெரும்பாலும் மார்ச்சில், நியேப்பி என்ற மௌன நாள் வருகிறது. சக ஆண்டின் பிறப்பு அது. அன்று கடை இல்லை, வாகனம் இல்லை, வெளிச்சம்கூடக் குறைவு! சுற்றுலாப் பயணியும் விடுதியை விட்டு வெளியே வர முடியாது! சர்வதேச விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக் கிடக்கும்! எந்த விமானமும் இறங்காது, எதுவும் ஏறாது! மாசியில் கலியாணம் வைத்து, அடுத்த வாரங்களில் பாலி போக நினைப்பவர்களே, விமானச்சீட்டுக்குக் காசு கட்டும் முன்னர் அந்த ஆண்டின் நியேப்பி எந்தத் தேதி என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!